ரேணிகுண்டா தாண்டினால் அரவம்

1

வியாழக்கிழமை மாலைகளில் என் மகள் மித்ராவைக் கூட்டிவர இங்குள்ள இளைஞர் மன்றத்துக்குப் போவேன். ஜெர்மனியின் மேற்கில், நிலக்கரிச் சுரங்கங்களை மூடிய பிறகு பாதி காலியாகிப்போன ஊர் எங்களுடையது. பழைய தீயணைப்பு நிலையத்தைத்தான் மன்றமாக்கியிருக்கிறார்கள். வண்டிகள் நின்ற கூடத்தில் இப்போது பிரேக்கிங் நடனம் சொல்லித்தருகிறார்கள். பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் நடுவில் போய்க் கையை ஊன்றிச் சுழல்வார், எழுந்து வெளியே வருவார், அடுத்தவர் போவார். யார் எப்போது போவது என்று யாரும் கூப்பிடுவதில்லை. கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள்.

வழக்கமாக நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பேன். இந்த வருடத் தொடக்கத்தில் ஒருநாள் மழை. உள்ளே வந்து சுவரோரம் நின்றேன். நின்றவள் என்னை அறியாமல் கை தட்ட ஆரம்பித்திருக்கிறேன். மித்ரா ஓடி வந்தாள்.

"அம்மா, தயவுசெய்து வெளியே நில்" என்றாள். ஜெர்மனில்தான். பன்னிரண்டு வயது முடிந்தவளுக்கு அம்மா எங்கே நின்றாலும் கூச்சம்தான். குடையை விரித்துக்கொண்டு வெளியே போனேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்: "நீ சரியான இடத்தில் தட்டினாய். மற்ற அம்மாக்கள் எல்லாரும் தப்பான அடியில் தட்டுவார்கள். உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊரில் எங்களுக்கும் இந்த மாதிரி ஒரு வட்டம் இருந்தது" என்றேன்.

ஆந்திராவில், திருத்தணிக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரான நகரியில் எடுத்த என் கல்யாண ஆல்பத்தை அவள் பார்த்திருக்கிறாள். அந்தப் பட்டுப்புடவைப் பெண்ணை இந்தக் கூடத்தின் நடுவே நிறுத்திப் பார்த்தாளோ என்னவோ, ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் ஊரிலிருந்து என் தோழி கஸ்தூரியின் குரல். "சுகுணா, இந்தச் சித்திரைக்கு நம்ம வட்டத்துக்குப் பதினஞ்சு வருஷம்டி. நீ வந்துதான் ஆவணும். இன்னா சாக்கு சொல்லுவியோ, தெர்லடா சாமி."

2

நகரிக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நானும் கஸ்தூரியும் பாசஞ்சர் ரயிலில் திருப்பதிக்குப் போய்வந்து டிகிரி முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருந்த நேரம் அது. எங்கள் பக்கத்தில் தமிழ் வழியில் பத்தாவது படித்த பிள்ளைகள், இன்டர் என்கிற பிளஸ் ஒன், பிளஸ் டூ சேர்ந்ததும் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ படித்தாக வேண்டும். கடைத்தெருத் தெலுங்கு எல்லாருக்கும் வரும். புத்தகத் தெலுங்கு வராது. அதைச் சொல்லித்தர உரக்கடை மாடியில் ஓர் அறை எடுத்து டியூஷன் ஆரம்பித்தோம்.

வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் விசைத்தறி வீட்டுப் பிள்ளைகள். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியதால் தெருவில் அவர்கள் குரல் கணீரென்று கேட்கும். எங்கள் அறைக்குள் வந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "வஸ்தானு, வஸ்தாவு, வஸ்தாடு" என்று வருகிறேன், வருகிறாய், வருகிறான் என்பதை நாங்கள் தெலுங்கில் சொல்ல, தரையைப் பார்த்துக்கொண்டு முனகுவார்கள்.

ஒருநாள் கரண்ட் போய்விட்டது. காற்றில்லாமல் எல்லாரும் நோட்டால் விசிறிக்கொண்டிருந்தோம். லோகு என்கிற லோகநாதன், பதினேழு வயது இருக்கும், வாயாலேயே டிரம் அடித்துக்கொண்டு ஓர் ஆங்கில ராப் பாட்டைக் கடகடவென்று சொன்னான். திருப்பதியில் மொபைல் கடையில் மெமரி கார்டில் ஏற்றிவந்த பாட்டு. ஒரு வார்த்தைக்கும் அவனுக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் ஓர் இடத்திலும் தடுக்கவில்லை.

கஸ்தூரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அர்த்தம் தெரியாதத இவ்ளோ வேகமா சொல்றியே, அர்த்தம் தெரிஞ்ச வஸ்தானு, வஸ்தாவு மட்டும் ஏன்டா வர மாட்டேங்குது?"

"அதுக்கு பீட்டு இல்லியேக்கா" என்றான்.

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே காரணம் சொன்னான். கஸ்தூரி விசிறிக்கொண்டிருந்த நோட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "சரி, நீ அடி" என்றாள். அவன் அடித்தான். அவள் வினைச்சொற்களை அதன்மேல் வைத்துச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு தடவை இடறியது. மூன்றாவது தடவை அறையே சேர்ந்து சொன்னது. கீழே உரக்கடைக்காரர் சண்டை என்று நினைத்து மாடியேறி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததில் நாங்கள் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். ராப்பும் பிரேக்கிங்கும் பிள்ளைகள் எங்களுக்குச் சொல்லித்தந்தவை. திருப்பதி இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து நாங்கள் இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தோம். யாரும் மேடை தராத ஏழைத் தெருக்களில், இளைஞர்கள் தாங்களே வட்டமாக நின்று மேடை உண்டாக்கிக்கொண்டது என்று தெரிந்தது. எங்களுக்கு அது போதுமாக இருந்தது. ஞாயிறுதோறும் பிற்பகல் வட்டம். அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் போட்டு அதன்மேல் ஆட்டம். பக்கத்து நெல் குடோன்காரர் எழுத்து வரையப் பின்சுவரைக் கொடுத்தார். அதில் தமிழ் 'ழ'வும் தெலுங்கு எழுத்துகளும் பூசணிக்காய் மாதிரி உருண்டையாக எழுந்தன. யார் பேச்சையும் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. நடுவில் வருகிறவர் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். இன்று கற்றதை அடுத்த ஞாயிற்றுக்குள் வேறு ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வர வேண்டும். எங்கள் சட்டம் அவ்வளவுதான்.

அந்த வருடம் தெலுங்கில் ஃபெயிலானவர்கள் எங்கள் அறையில் யாரும் இல்லை. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச ஆரம்பித்தது.

3

பார்கவி எங்களிடம் வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. வந்தாள் என்பதைவிட, பக்கத்து வீட்டுப் பெண் கையைப் பிடித்து இழுத்துவந்தாள் என்பதே சரி. பத்தாவதில் நல்ல மார்க். திருப்பதியில் இன்டர் சேர்த்து ஹாஸ்டலில் விட்டிருந்தார்கள். தசராவுக்கு முன்பே பெட்டியோடு திரும்பிவிட்டாள்.

நடந்தது இதுதான். வகுப்பில் அவளை எழுந்து தெலுங்குப் பாடம் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். படித்தாள். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "அரவம்!" வகுப்பே சிரித்தது. எங்கள் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் தமிழை அரவம் என்பார்கள். சாதாரணமாகவும் சொல்வார்கள், மட்டமாகவும் சொல்வார்கள். அன்று சொன்னது இரண்டாவது வகை. அடுத்த நாளிலிருந்து மெஸ்ஸிலும் குழாயடியிலும் அவளுக்கு அதுவே பெயர். பார்கவி என்று கூப்பிட அங்கே யாரும் இல்லை. லீவுக்குச் சென்னைக்குப் போனால் அத்தை வீட்டுப் பிள்ளைகள் அவள் தமிழைக் கேட்டு "கொல்ட்டி" என்பார்கள். அது எங்களைத் தெலுங்குக்காரர்கள் என்று கேலி செய்யும் சொல்.

நானும் கஸ்தூரியும் அவள் அப்பா ஏகாம்பரத்தைப் பார்க்கப் போனோம். தறியை நிறுத்தாமலேயே பேசினார். கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"படிச்சி இன்னா ஆவப்போவுது? திருப்பதிக்கு அனுப்ச்சேன், அய்துக்கினு வந்துட்ச்சி. ஸ்ரீ சிட்டி கம்பெனி பஸ்ஸு தெருமுனைக்கே வந்து ஏத்திக்கினு போவுது. அங்கியே சோறும் போட்றான். வயசு ஆனதும் வேலைக்கி அனுப்பிட்றேன்."

"அனுப்புங்க மாமா, வேணான்னு சொல்லல. ஞாயித்துக்கியம மட்டும் எங்களாண்ட வுடுங்க" என்றாள் கஸ்தூரி.

"ஞாயித்துக்கியம இன்னா செய்வீங்க?"

"பாடுவோம், ஆடுவோம், தெலுங்கு படிப்போம்."

"மூணும் ஒண்ணாவா?"

"ஆமா மாமா."

அவர் தறியை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் அவர் குரல் இறங்கிவிட்டது. "கூட்டிக்கினு போங்கம்மா. வந்ததுலேர்ந்து ஊட்ல ஒரு வார்த்த பேசல அது. துன்னியான்னு கேட்டா தலைய மட்டும் ஆட்டுது."

பார்கவி ஞாயிறு தவறாமல் வந்தாள். சுவரில் சாய்ந்து நிற்பாள். தாளத்துக்குக் கால் ஆடும், வட்டத்துக்குள் மட்டும் வர மாட்டாள். உள்ளே வந்தால் பெயர் சொல்ல வேண்டுமே. நாங்களும் வற்புறுத்தவில்லை. தை பிறந்து ஒரு ஞாயிறு, லோகு அடித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று நடுவில் போய் நின்றாள்.

"எம் பேரு அரவம்" என்றாள்.

அழப்போகிறாள் என்றே நினைத்தேன். லோகு மட்டும் தாளத்தைக் கொஞ்சம் தணித்து அவளுக்கு இடம்விட்டான். அவள் சொன்னாள்:

ரேணிகுண்டா தாண்டினா எம் பேரு அரவம்
திருத்தணி தாண்டினா எம் பேரு கொல்ட்டி
நடுவுல பொறந்தது எங் குத்தமா சொல்லு
நாலு பேரு சிரிக்கிறீங்க நாக்க நீட்டி
அரவம்னா சத்தம், எந்தமிழ்ல பாரு
அரவம்னா பாம்பு, மிதிச்சா நீ யாரு?

அப்புறம் கிளம்பிய கூச்சலில் உரக்கடைக்காரர் இந்தத் தடவை மாடியேறி வரவில்லை, கீழேயிருந்தே திட்டினார்.

"இத எங்கடி புட்ச்ச?" என்று கஸ்தூரி கேட்டாள்.

"தம்பியோட தமிழ் புக்குல பின்னாடி போட்ருக்குக்கா. அரவம்னா ஒலி. பாம்புன்னும் போட்ருக்கு. அவங்க நம்மளத் திட்றாங்களா இன்னா, நம்ம பாஷைல பேரு வெச்சிக்கினு கீறாங்க."

4

அந்தக் கோடையில் திருப்பதியில் கல்லூரி மாணவர்கள் ஒரு சின்னத் திறந்தவெளி அரங்கில் ராப், நடனம் என்று ஒரு மாலை வைத்தார்கள். நாங்களும் பெயர் கொடுத்தோம். பாசஞ்சரில் ஒரு பெட்டியில் பாதி நாங்கள்தான். புத்தூர் வரைக்கும் பாடிக்கொண்டு வந்த பிள்ளைகள் ரேணிகுண்டா நெருங்க நெருங்க அமைதியாகிவிட்டார்கள்.

எங்கள் முறை வந்தது. லோகு ஒரு மைக்கில் தாளம் ஆரம்பித்தான். பார்கவி இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். முதல் இரண்டு வரி சொன்னாள். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். இரண்டாவது வரிசையில் அவளுடைய பழைய வகுப்புப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கைக் கீழே வைத்துவிட்டு விடுவிடுவென்று நான் நின்ற ஓரத்துக்கு வந்துவிட்டாள்.

"ஊட்டுக்குப் போலாம்க்கா."

லோகு நிறுத்தவில்லை. மேடையில் தனியாக நின்று, உதடு வெளுக்க அடித்துக்கொண்டிருந்தான். எங்கள் பிள்ளைகள் கை தட்ட ஆரம்பித்தார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"போலாம். அவன் மூச்சு வாங்கிக்கினு நிக்கிறான் பாரு. அவனாண்ட போய் நிறுத்தச் சொல்லிட்டு வா, போலாம்."

அவள் போனாள். லோகுவின் காதில் சொல்ல அந்தச் சத்தத்தில் முடியவில்லை. கீழே கிடந்த மைக்கை எடுத்து, "டேய் லோகு, நிறுத்துடா" என்றாள். அது அரங்கு முழுக்கக் கேட்டது. சரியாகத் தாளத்தில் விழுந்தும்விட்டது. கூட்டம் சிரித்தது. இது வேறு சிரிப்பு. அவளுக்கும் அது தெரிந்தது. அவளும் சிரித்துவிட்டாள். லோகு நிறுத்தாமல் தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டினான். அவள் மூன்றாவது வரியைப் பிடித்தாள், நான்காவது, ஐந்தாவது. கடைசியில் "அரவம் அண்டே சப்புடு" என்று தெலுங்கிலும் சொன்னாள். அரவம் என்றால் சத்தம் என்று அர்த்தம். கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது.

இறங்கி வந்தபோது இரண்டாவது வரிசைப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். கையை என்ன செய்வது என்று தெரியாமல் துப்பட்டாவைத் திருகிக்கொண்டு, உன் பெயர் பார்கவிதானே என்று தெலுங்கில் கேட்டாள்: "நீ பேரு பார்கவி கதா?"

"அவுனு" என்றாள் பார்கவி. ஆமாம் என்றாள், அவ்வளவுதான். திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நிலா வெளிச்சத்தில் நகரி மலையின் மூக்கு போன்ற உச்சி தெரியும்வரை கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள்.

பிறகு அவள் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டே இன்டரைப் பிரைவேட்டாக எழுதினாள், அஞ்சல் வழியில் டிகிரியும் முடித்தாள். இப்போது அதே தொழிற்சாலையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லித்தருகிறாள். சென்னைப் பக்கத்திலிருந்து வருகிற பெண்கள், சூளூர்பேட்டைப் பெண்கள், ஒடிசாவிலிருந்து வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே தாளத்தில், அவரவர் மொழியில். கஸ்தூரி அரசுப் பள்ளி வேலைக்குப் போன பிறகு வட்டத்தையும் பார்கவிதான் நடத்துகிறாள்.

நான் மட்டும் திருப்பதி மாலை நடந்த மறுவருடம் கல்யாணமாகி இங்கே வந்துவிட்டேன். வழியனுப்ப வட்டம் முழுக்க ஸ்டேஷனுக்கு வந்திருந்தது. ரயில் நகரும்போது லோகு தாளம் ஆரம்பித்தான். வண்டி வேகம் பிடித்ததால் எனக்கு அது பாதிதான் கேட்டது. அந்த மீதிப் பாதியை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சில நாள் தோன்றும்.

5

இங்கே வந்த முதல் வருடம் நான்தான் சுவரோரம் நின்றவள். மொழி வகுப்பில் வாய் திறக்க மாட்டேன். ஒருமுறை பக்கத்து வீட்டு அம்மாள் விருந்துக்குக் கூப்பிட்டார். இன்னும் கொஞ்சம் என்று அவர் உபசரிக்க, வயிறு நிறைந்துவிட்டது என்ற அர்த்தத்தில் "நான் நிறைந்துவிட்டேன்" என்று ஜெர்மனில் சொன்னேன். இங்கே அதற்கு, குடித்துவிட்டுப் போதையில் இருக்கிறேன் என்று பொருள். அவர் என் கையிலிருந்த ஆப்பிள் ஜூஸை முகர்ந்து பார்க்காத குறை. பிறகு நகரி வழியையே பிடித்தேன். பஸ்ஸில் தொடையில் தாளம் போட்டு ஜெர்மன் வினைச்சொற்களை முணுமுணுப்பேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் மொழி வந்தது.

மித்ரா பேச ஆரம்பித்த வயதில் போனில் தாத்தாவிடம் காட்டுவேன். எதைக் கேட்டாலும் "நைன், நைன்" என்பாள். ஜெர்மனில் அது 'இல்லை, மாட்டேன்'. என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பூரித்துப்போய், "பாரு, என்னிய நைனா நைனான்னு கூப்புடுது" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் திருத்தவில்லை. அவர் போய் இரண்டு வருடமாகிறது. அவள் "நைன்" என்று கத்திக் கதவைச் சாத்தும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் வருகிறது.

தமிழ் வரட்டும் என்று போன வருடம் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியை. தங்கமானவர், சம்பளம் இல்லாமல் பாடம் சொல்கிறார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார். மித்ரா "இட்லி துன்னேன்" என்றிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

"அப்பிடிச் சொல்லக் கூடாது பிள்ளை, சாப்பிட்டனான் எண்டு சொல்ல வேணும்" என்று அன்பாகத்தான் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்த மித்ரா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள், ஜெர்மனில்: "உன் தமிழ் தப்பாமே. ஏன் தப்பான தமிழைச் சொல்லிக்கொடுத்தாய்?"

அன்றிலிருந்து அவள் தமிழ்ப் பள்ளிக்குப் போவதையும் வீட்டில் தமிழ் பேசுவதையும் நிறுத்தினாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். என் கணவர் சேகர், வேலூர்க்காரர், "வயசு அப்படி, போகப் போகச் சரியாகும்" என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருப்பதி வகுப்பறைச் சிரிப்பு, கடல் தாண்டி வந்து என் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டதாகத் தோன்றியது.

இதற்கு நடுவில்தான் கஸ்தூரியின் அழைப்பு. நான் போயிருப்பேன். ஆனால் என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்ததால் இங்குள்ள வசிப்பு அட்டையையும் மாற்ற வேண்டியிருந்தது. பழையது முடிந்துவிட்டது, புதியது வரவில்லை. நடுவில் ஒரு தற்காலிகத் தாள் கொடுத்தார்கள். அலுவலகத்தில் இருந்த பெண் மரியாதையாக விளக்கினார்: "இதை வைத்துக்கொண்டு நீங்கள் இங்கே தாராளமாக இருக்கலாம். வெளியே போனால் திரும்பி வருவதுதான் சிரமம்."

கஸ்தூரியிடம் இதைச் சொன்னேன். "இன்னாடி இது, ஜாமீன்ல வுட்டா மாதிரி கீது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு இல்லை.

6

பதினைந்தாம் வருட வட்டத்தைப் போனில் பார்த்தேன். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளத்தில் கூடுகிறார்கள். வண்டி நிறுத்தும் இடம், தூண்களுக்கு நடுவே. போனை ஒரு ஸ்டூலில் நிறுத்தி வட்டத்துக்குள் வைத்தார்கள். லோகு இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தான். முன்நெற்றி ஏறிவிட்டது. பார்கவி கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு, ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள்.

"சுகுணாக்கா ஒரு வெர்ஸ் சொல்லுவாங்க" என்று அறிவித்தாள்.

எட்டு வரி தயார் செய்து வைத்திருந்தேன். லோகு அடித்தான், நான் ஆரம்பித்தேன். ஒரு வரியிலேயே எல்லாம் கலைந்தது. என் குரல் அங்கே போய்ச் சேர ஒரு விநாடி தாமதம், அவர்கள் தாளம் இங்கே வர இன்னொரு விநாடி. பேசுவதற்கு அந்தத் தாமதம் தெரியாது. தாளத்துக்கு அது பெருங்கடல். நான் வேகமாகப் போனேன், அவர்கள் என்னைப் பிடிக்க வேகமாக வந்தார்கள், கடைசியில் எல்லாரும் முட்டி மோதிச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு மித்ரா வந்து எட்டிப் பார்த்தாள்.

"தோ, மித்ரா பாப்பா! இன்னா, துன்னியா?" என்றாள் பார்கவி.

மித்ரா திடுக்கிட்டு என் காதில் ஜெர்மனில், "இவர்களும் தப்பாகப் பேசுகிறார்கள்" என்றாள்.

"இன்னாக்கா சொல்லுது?"

மொழிபெயர்த்தேன். பார்கவி சிரிக்கவில்லை. போனைக் கையில் எடுத்துச் சுற்றிலும் காட்டினாள். ஐம்பது அறுபது முகங்கள். "பாப்பா கேக்குது. துன்னியான்னா தப்பா?"

"இல்ல!" என்று மண்டபமே அதிர்ந்தது.

"எனக்கும் இப்டித்தான் சொன்னாங்க பாப்பா. கேக்கிறியா?" என்று தன் பழைய ஆறு வரியைச் சொன்னாள். மித்ராவுக்குப் பாதி புரியவில்லை. "மெதுவா, இன்னொரு வாட்டி" என்றாள். தமிழில். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த தமிழ். நான் அசையாமல் இருந்தேன். அசைந்தால் போய்விடுமோ என்று பயம்.

அதன்பின் அவர்களுக்குள் என்னைக் கேட்காமலேயே ஒரு போக்குவரத்து உண்டாகிவிட்டது. இங்கே கற்ற காலடிகளை மித்ரா வீடியோ எடுத்து அனுப்புவாள். அங்கே பெண்பிள்ளைகள் அதைப் பழகித் திருப்பி அனுப்புவார்கள். முழங்கை தப்பாக இருந்தால் இவள் திருத்துவாள். அதற்கு வார்த்தை வேண்டுமே. "ஊணு", "மடக்கு", "நவுந்துக்கோ" என்று பார்கவியிடம் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தமிழ்ப் பள்ளிக்கும் மறுபடி போனாள். அங்கே "சாப்பிட்டனான்", வீட்டில் "துன்னேன்". இரண்டும் அவளுக்குக் குழம்பவில்லை.

7

கோடை விடுமுறைக்கு மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தோம், அதற்குள் அட்டை வந்துவிடும் என்று. வரவில்லை.

"தள்ளிப் போட்டுடலாமா?" என்றார் சேகர்.

மித்ரா பெட்டியை அதற்கு முந்தின வாரமே கட்டி வைத்திருந்தாள். அவர்கள் இருவருக்கும் ஒரு தடையும் இல்லை. "போய்ட்டு வாங்க" என்றேன். விமான நிலையத்தில் அவள் என்னைக் கட்டிக்கொண்டது வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. உள்ளே போன பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அந்த ஊருக்குப் போகும்போது அப்படித்தான் போவேன்.

என் தம்பி வீட்டில் தங்கினார்கள். முதல் இரண்டு நாள் வெயில், கொசு, பாத்ரூம் என்று அடிக்கடி கூப்பிட்டாள். பிறகு நாளைக்கு ஒரு தடவை. பிறகு படங்கள் மட்டும். அட்டை மேல் தலைகீழாக நிற்கும் மித்ரா, பார்கவியின் ஸ்கூட்டரில் பின்னால் மித்ரா. நான் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, அவளுக்குப் பின்னால் இருப்பதைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். உரக்கடைப் பலகைக்குப் புதுப் பெயின்ட். ரயில்வே கேட் பக்கத்தில் இருந்த வேப்பமரம் இல்லை. ஏகாம்பரம் மாமா மாதிரி ஒருவர் சைக்கிளில் போகிறார், முகம் தெரியவில்லை. எனக்குச் சொந்தமான தெருவை என் மகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஞாயிறு அன்று இங்கே மதியம். சாம்பார் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுத்தாள். மூச்சு இரைத்தது. பின்னால் ஒரே ஆரவாரம்.

"மழ வந்துச்சா அங்க? யாரெல்லாம் வந்திருக்காங்க? கஸ்தூரி கீறாளா?" என்று கேட்டேன்.

"மா, அப்பறம் பேசட்டா? என் டர்ன் வந்துட்ச்சி. எல்லாரும் எனக்காக நின்னுக்கினு கீறாங்க."

"சரி, போ போ" என்றேன்.

வைத்துவிட்டாள். அவள் பேசியதில் ஒரு சொல்கூட ஜெர்மன் இல்லை. மழை பெய்ததா, யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம் இப்போது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு, ஒருத்திக்கு வேண்டிய சோற்றை மட்டும் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.